ஒரு சிற்றிதழை நடத்துவது யார்? கோலாலம்பூரிலிருந்து ஒரு விரிவான பதில்

செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நம் ஊர்ச் சிற்றிதழ்களைப் பிரித்தால் ஆசிரியர் பெயரும் ஆசிரியர் குழுவும் மட்டும்தான் போட்டிருக்கிறது. உண்மையில் ஓர் இதழை நடத்துபவர்கள் யார் யார்? எத்தனை பேர் வேண்டும்? நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து கோலாலம்பூரில் ஒன்று தொடங்க நினைக்கிறோம். முடியுமா?"

முடியும், தம்பி. ஆனால் அந்த மூன்று பேரும் என்ன வேலை செய்யத் தயார் என்பதைப் பொறுத்தது. மூவரும் கவிஞர்கள் என்றால் இரண்டாவது இதழோடு நின்றுவிடும். ஒருவராவது ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யார் சந்தா கட்டினார், யார் வீடு மாறினார், யாருக்குப் போன இதழ் திரும்பி வந்தது என்று அலுக்காமல் எழுதி வைப்பவராக இருந்தால் ஐந்து ஆண்டு ஓடும். நான் நீண்ட காலம் கோலாலம்பூரில் தமிழ் இதழ்களுக்கு மெய்ப்புப் பார்த்தும் (அச்சுக்கு முன் பிழை திருத்தியும்) பக்கம் கட்டியும் வந்தவன். ஆசிரியர் மாறியும் பிழைத்த இதழ்களைப் பார்த்திருக்கிறேன். சந்தா பார்த்தவர் விலகிய பிறகு தெம்பாக நின்ற இதழ் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. முகவரிப் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இதழை நடத்துகிறார். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது இன்று நேற்று வந்த நிலைமை இல்லை. 1924இல் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தமிழ் நேசனைத் தொடங்கினார். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். இவர்கள் பெயர் நமக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏடுகளை ரப்பர் தோட்டத்துக்குள் கொண்டுபோனது யார்? தோட்டத்துக் கிராணி (கணக்கர்), தமிழ்ப்பள்ளி வாத்தியார், பக்கத்துப் பட்டணத்தில் முடிதிருத்தும் கடையோ சாப்பாட்டுக் கடையோ வைத்திருந்தவர். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிப்பார், சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் கேட்பார்கள். சம்பள நாளில் காசு பிரித்துப் பட்டணத்துக்கு அனுப்பி வைத்தவரும் அதே வாத்தியார்தான். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் கிடையாது.

ஏட்டில் வேலை செய்தவர்களும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தூரமாக இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்களே, அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். அந்த ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தியது. செய்தி எழுதியவரும் செய்தியைச் சுமந்தவரும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

போருக்குப் பிறகு இன்னொரு வகை ஆட்கள் வந்தார்கள். 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பிய கதைகளை வாசித்து, திருத்தி, மதிப்பிட்டார்கள். நம் நாட்டுச் சிறுகதைக்கு அடித்தளம் போட்டவற்றில் அது ஒன்று என்று இலக்கிய வரலாறு எழுதியவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். நான் நினைப்பதெல்லாம் அந்தக் கட்டுக் காகிதங்களைப் பற்றித்தான். கோணல் மாணலான கையெழுத்தில், எங்கோ ஒரு தோட்டத்திலிருந்து வந்த கதையை முழுதாக வாசித்து, "இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்" என்று ஓரத்தில் எழுதுவது லேசான வேலையா? அதே பத்தாண்டில்தான் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து தமிழ் நேசனில் பணியாற்றினார். கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் நடத்தி, எழுதுபவர்களை உட்கார வைத்துப் பேசினார். 1957இல் ஊர் திரும்பினார்.

தமிழ் முரசின் பக்கம் பார்த்தால், 1950களில் மாணவர்களுக்காக வந்த மாணவர் மணிமன்ற மலர். அதில் எழுதிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் மன்றம் அமைத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி (அன்றைய டாலர்) என்று வீடு வீடாகப் பிரித்தவர்கள் சாதாரண மக்கள். நம் சிற்றிதழ்களின் சந்தாப் பழக்கம் அந்த ஒரு வெள்ளியிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். தமிழுக்கு என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது, கொடுத்ததற்கு ரசீது வாங்குவது, அடுத்த முறையும் அதே ஆள் வந்து கேட்பார் என்று எதிர்பார்ப்பது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பழக்கம். மூன்றாவது விட்டுப்போனால் முதல் இரண்டும் நிற்காது.

சரி, வாத்தியாரும் கடைக்காரரும் ஏட்டைக் கொண்டுபோன அந்த வலைப்பின்னல் எப்படி அறுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இதழின் நிலைமைக்கும் அதுதான் காரணம். 1950களின் பிற்பகுதியிலிருந்து தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பது, நடந்தது. அதை எதிர்கொள்ளத்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. 80, 90களில் பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. முன்பு ஒரு தோட்டத்துப் பள்ளி முகவரிக்கு ஒரே கட்டாக இருபது இதழ் அனுப்பினால் போதும், வாத்தியார் பார்த்துக்கொள்வார். லயத்திலிருந்து மக்கள் வெளியேறியபோது அந்த இருபது பேரும் இருபது அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். இருபது உறை, இருபது தபால்தலை, இருபது தனி முகவரி. அதில் பாதி ஓர் ஆண்டில் மாறும். இதழ்கள் நின்றதற்குப் பலரும் "வாசகர் குறைந்துவிட்டார்கள்" என்று சொல்கிறார்கள். வாசகர் இருந்தார்கள், அவர்கள் எங்கே குடிபோனார்கள் என்பது இதழுக்குத் தெரியாமல் போனது என்பதே நான் கண்டது.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் விரும்பமாட்டார். கோலாலம்பூரில் வந்துகொண்டிருந்த ஓர் இலக்கிய இதழுக்கு அவர் சந்தா பார்த்தார். அவருடைய நோட்டில் ஒவ்வொரு வரியிலும் பெயர், முகவரி, காசு கட்டிய மாதம், அதோடு நான்காவதாக ஒரு கட்டம் இருக்கும்: யார் சொல்லிச் சேர்ந்தார். சந்தா முடிந்ததும் நேராகச் சந்தாதாரரை அழைக்கமாட்டார். அந்த நான்காவது கட்டத்தில் இருப்பவரைத்தான் அழைப்பார். "ஐயா, நீங்க சேர்த்துவிட்ட நம்ம தைப்பிங் டீச்சருக்கு இந்த மாசத்தோட முடியுது, ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்பார். டீச்சருக்கு இதழ்மேல் பற்று இருக்கிறதோ இல்லையோ, சேர்த்துவிட்டவர்மேல் மரியாதை இருக்கும். பணம் வந்துவிடும். பள்ளிக்குப் பள்ளி ஆசிரியர்கள் மாற்றலாகிப் போனால் அவருக்கு வருத்தமே இல்லை. "நல்லதுதான், அந்த ஊர்லயும் ஒரு ஆள் ஆச்சு" என்பார். நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஆசிரியர் அறையும் அவருக்கு ஒரு கிளை அலுவலகம். அவர் உடல்நிலை காரணமாக விலகினார், நோட்டை வாங்கிக்கொண்டவர்கள் பெயர்களையும் முகவரிகளையும் கணினியில் ஏற்றினார்கள். நான்காவது கட்டம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு சந்தா பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த ஆண்டு இதழ் இல்லை.

அடுத்த ஆள் மெய்ப்புப் பார்ப்பவர். இது என் வேலை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈய எழுத்துக் காலத்தில் எழுத்துக் கோப்பவர்தான் முதல் வாசகர். அவர் கை தவறினால் துணைக்கால் போகும், ஒற்று போகும். கணினி வந்ததும் பிழை வேறு மாதிரி வந்தது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார், அது பல இதழ்களுக்குக் கை கொடுத்தது. ஆனாலும் படைப்பு அனுப்புபவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி அனுப்பினார்கள். அதில் பாமினி வகை எழுத்துரு என்ன செய்யும் தெரியுமா? ஆங்கில எழுத்து இருக்கும் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கும். சின்ன ஜே தட்டினால் 'த', பெரிய ஜே தட்டினால் 'து'. கணினிக்கு அது ஆங்கிலம் என்றே நினைப்பு. ஆகவே வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். 'தமிழ்' என்று தொடங்கும் வாக்கியம் 'துமிழ்' என்று வந்து நிற்கும். 'மரம்' 'முரம்' ஆகும். 'பல' 'புல' ஆகும். 'துமிழ்' கண்ணில் பட்டுவிடும். ஆனால் 'மகம்' என்று எழுதியது 'முகம்' என்று வந்தால்? அதுவும் ஒரு சொல். வேகமாக வாசிப்பவர் தாண்டிப் போவார். பொருள் புரிந்து வாசிப்பவர்தான் நிற்பார்.

அப்புறம் எல்லாருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் வந்தது, பக்க வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகள் அதைச் சரியாகக் காட்டவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். யூனிகோடில் வந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவோம். மாற்றும்போது புதுப்பிழை வரும். ஆகவே ஒரு கதையை மூன்று முறை வாசிக்க வேண்டியிருக்கும்: வந்தபோது ஒரு முறை, மாற்றியபின் ஒரு முறை, பக்கத்தில் வைத்தபின் ஒரு முறை. இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் பின்தொடர்வார். சரிபார்க்கும்போது முதலில் ஆட்களின் பெயர், பிறகு தொலைபேசி எண், பிறகு தேதி. கதையில் ஒற்றுப்பிழை இருந்தால் வாசகர் மன்னிப்பார், அஞ்சலிக் குறிப்பில் இறந்தவர் பெயரைத் தப்பாகப் போட்டால் அந்தக் குடும்பம் வாழ்நாளுக்கும் மறக்காது.

இங்கே இன்னொரு தொல்லை ஊர்ப் பெயர்கள். ஜொகூர், ஜோகூர். சுங்கைப்பட்டாணி, சுங்கை பட்டாணி. பெட்டாலிங் ஜெயா, பெட்டாலிங் ஜாயா. ஒரே இதழில் மூன்று விதமாக வரும். எங்களிடம் இருந்த ஒரு மூத்த அக்கா பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் எழுதி வைத்திருந்தார். சாலைப் பெயர், அமைச்சுகளின் பெயர், அரசுப் பட்டங்கள் எல்லாம் அதில் உண்டு. சந்தேகம் என்றால் அகராதிக்குப் போகமாட்டோம், அக்காவின் புத்தகத்துக்குத்தான் போவோம். உங்கள் இதழுக்கு நீங்கள் முதல் நாளே செய்ய வேண்டியது அப்படி ஒரு புத்தகம்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நான் பார்த்த எல்லா இதழ்களிலும் மடித்தது, உறையில் போட்டது, பசை ஒட்டியது, முகவரி எழுதியது யாரோ ஓர் ஆசிரியரின் மனைவி, அக்கா, மகள். சமையலறை மேசைதான் அனுப்புதல் பிரிவு. கூட்டத்துக்கு வந்த எழுத்தாளர்களுக்குத் தேநீர் போட்டு, அவர்கள் போனபின் இதழைக் கட்டி வைத்தார்கள். அவர்களில் சிலர் நல்ல வாசகர்கள், எழுதக்கூடியவர்கள். ஒருவர் பெயரும் உள்பக்கத்தில் வந்ததில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அச்சகக்காரர். கோலாலம்பூரில் சின்ன அளவில் அச்சடிக்கும் அச்சகங்கள் பலவும் சீனர்களுடையவை. அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த மிகக் கவனமான மனிதர்களில் இருவர் அவர்கள்தான். எழுத்து புரியாததால் எதையும் ஊகிக்கமாட்டார்கள், ஒவ்வொன்றையும் கேட்பார்கள். நாங்கள் வெள்ளைத் தாளை மடித்து, இதழ் போலவே ஒரு மாதிரி செய்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டு, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டுக் கொடுப்போம். 32 பக்க இதழை நடுவில் பின் அடித்தால் 1ஆம் பக்கமும் 32ஆம் பக்கமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் வரும், 2உம் 31உம் அதன் மறுமுகத்தில். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 33 வர வேண்டும். தமிழ் தெரியாத அச்சகத் தொழிலாளி இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே முழு இதழையும் சரிபார்த்துவிடுவார். பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும். கதை 30ஆம் பக்கத்தோடு முடிந்துவிட்டால் மீதிக்கு விளம்பரம் தேட வேண்டும், இல்லையென்றால் ஒரு கவிதைக்கு வாழ்வு வரும்.

அச்சகக்காரர் முதலில் கேட்பது அனுமதி எண். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, தொடர்ந்து வரும் பத்திரிகை, இதழ்களுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். இல்லாமல் வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சடித்தவரும் மாட்டுவார், அதனால்தான் அவர் கேட்கிறார். 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நிலை மாறிவிட்டது, அது பெரிய ஆறுதல். ஆனாலும் மலாயில் கடிதம் எழுதி, பாரம் (படிவம்) நிரப்பி, அமைச்சுக்குப் போய்வர ஓர் ஆள் வேண்டும். கவிதை எழுதுபவருக்கு இதில் பொறுமை இருக்காது. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடியுங்கள், அவருக்கு இது கை வந்த கலை. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இதழில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம்.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை, லெபோ அம்பாங்கில் நகைக்கடை, பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை. தீபாவளி இதழுக்கு வாழ்த்து விளம்பரம் கிடைக்கும், மற்ற மாதங்களில் கிடைக்காது. கிடைத்த விளம்பரத்துக்குப் பணம் வாங்க நாலு நடை நடக்க வேண்டும். நடப்பவரைக் கோபக்காரராகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இதழ் வெளியூர் போவது இன்னொரு கதை. புடுராயா பஸ் நிலையம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகும் விரைவு பஸ்ஸில் கட்டை ஏற்றிவிடுவார்கள். ஓட்டுநரிடம் ஐந்தோ பத்தோ வெள்ளி கொடுத்து, பஸ் எண்ணை எழுதி, அங்கிருக்கும் நண்பருக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். பினாங்கில் அதை இறக்கிக்கொள்பவர் பட்டர்வொர்த்தில் காத்திருப்பார். இரவு பஸ் என்றால் விடியற்காலை. அந்த நண்பர் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இருக்கமாட்டார். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இதழை வாங்கிக்கொண்டு, காலையில் பசியாறும் கடையில் இரண்டு, முடிதிருத்தும் கடையில் ஒன்று, தெரிந்த ஆசிரியர் வீட்டில் மீதி என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்.

காசு வரும் இன்னொரு வழி விழா. கோலாலம்பூரில் வெளியீட்டு விழா என்றால் வாசலில் ஒரு மேசை இருக்கும். வருபவர்கள் உறையில் அன்பளிப்பு வைத்துக் கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொள்வார்கள். முதல் பிரதியை ஒரு பிரமுகர் பெரிய தொகை கொடுத்து வாங்குவார். நில நிதிச் சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் சோமா அரங்கில் இப்படி எத்தனையோ விழாக்கள். மேடையில் யார் என்ன பேசினார் என்பது மறுநாள் ஏட்டில் வரும். ஆனால் இதழைக் காப்பாற்றியவர் அந்த வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தவர். விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, உறைகளை எண்ணி, ஒவ்வொரு பெயரையும் எழுதி, நன்றிக் கடிதம் அனுப்ப முகவரி குறித்துக்கொண்டிருப்பார். நன்றிக் கடிதம் போனால் அடுத்த விழாவுக்கு அவர்கள் வருவார்கள். போகாவிட்டால் வரமாட்டார்கள்.

இனி எழுத்தாளர்கள். இவர்களை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதுதான். நம் நாட்டில் நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகள் பல தலைமுறை எழுத்தாளர்களை வளர்த்தன. 1970களின் பிற்பகுதியில் ஆதி குமணன் ஆசிரியராக இருந்த வானம்பாடி வார இதழ் புதுக்கவிதைக்கு வாசலைத் திறந்துவிட்டது. 1986இலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, பேரவைக் கதைகளைத் தொகுத்து வருகிறது. எழுத ஆள் இருக்கிறார்கள். தமிழ் நேசனே 2019 தொடக்கத்தில் நின்றது. 94 ஆண்டு ஓடிய ஏடு. அன்று எழுதுபவர் யாரும் இல்லாமலா நின்றது?

வல்லினத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். ம. நவீன் 2007இல் அச்சிதழாகத் தொடங்கி, 2009இலிருந்து இணைய இதழாக நடத்தி வருகிறார். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இணையத்துக்குப் போனதால் உறை, தபால்தலை, பஸ், திரும்பி வந்த இதழ் எல்லாம் போயின. ஆனால் மெய்ப்பு போகவில்லை, விழா போகவில்லை, நண்பர்கள் குழு போகவில்லை. 2009இலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கலை இலக்கிய விழா, அதில் நூல் வெளியீடு, மூத்த எழுத்தாளர்களுக்கு விருது என்று நடத்தினார்கள். 2014இல் அ. ரெங்கசாமிக்கும் 2019இல் சை. பீர்முகம்மதுவுக்கும் வல்லினம் விருது கிடைத்தது. வெளியே பார்ப்பவர்களுக்கு நவீன் தெரிவார். இத்தனை ஆண்டு நின்றிருக்கிறது என்றால், மண்டபத்தில் நாற்காலி போடுபவரும் பக்கம் ஏற்றுபவரும் மாறி மாறி வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். அதன் கருத்துகளோடு ஒத்துப்போகாதவர்கள்கூட இந்த ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

தம்பி, இப்போது உங்கள் மூவருக்கு வருகிறேன். ஒருவர் ஆசிரியர். படைப்புகளைத் தேர்ந்தெடுப்பது, மறுப்பது, மறுத்தவர் மனம் நோகாமல் எழுதுவது அவர் வேலை. இரண்டாமவர் மெய்ப்பும் பக்கமும். மூன்றாமவர் முகவரி, பணம், விழா மேசை. மூன்றாமவர் எழுதாதவராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தன் கதை வரவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருக்காது. வங்கிக் கணக்கை ஒருவர் பெயரில் திறக்காதீர்கள், இருவர் கையெழுத்து இருக்கட்டும். நட்பு உடைவது பெரும்பாலும் இங்கேதான். முதல் இதழை 300 பிரதிக்கு மேல் அடிக்க வேண்டாம். மாத இதழ் என்று அறிவிக்காதீர்கள். ஆண்டுக்கு நான்கு என்று சொல்லி நான்கும் சொன்ன தேதிக்குக் கொண்டுவாருங்கள். சந்தா கட்டியவர் இதழ் தாமதமானால் பொறுப்பார், எப்போது வரும் என்று தெரியாவிட்டால்தான் விட்டுப்போவார். இன்று எல்லாரும் புலனத்தில் (வாட்ஸ்அப்) குழு வைத்திருக்கிறார்கள், அது அறிவிப்புக்கு உதவும். ஆனால் குழுவில் 'வாழ்த்துகள்' போட்டவர்களைச் சந்தாதாரர் கணக்கில் சேர்க்காதீர்கள். நோட்டில் நான்காவது கட்டம் இருக்கட்டும்.

இதழ் அச்சானதும் ஐந்து பிரதிகளை ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அது சட்டம். கூடவே ஒரு பிரதியை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கொடுங்கள். நின்றுபோன எத்தனையோ இதழ்கள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கரையானுக்குப் போயின. உள்பக்கத்தில் பெயர்கள் போடும்போது மெய்ப்பு, பக்கம், சந்தா, அனுப்புதல், பினாங்கில் கட்டு இறக்கியவர், மடித்துக் கொடுத்த அம்மா என்று எல்லாரையும் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ஆசிரியர் குழுவின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.